மாணவர் தகவல் இணையதளத்துக்கு மதிப்பெண் போடுவோமா?



இது நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படிக்கலாம்.

நான் ஓய்வு பெற்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் பணியில் இருக்கும் தங்கைகளும் தம்பிகளும் தொலைபேசியில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்பெல்லாம் ஜூன் மாதத்துப் பேச்சு, "ஒன்னாம் வகுப்புல இந்த வருஷம் எத்தனை பேரு டீச்சர்?" என்று தொடங்கும். இப்போது, "சைட் ஓப்பன் ஆகல டீச்சர்" என்று தொடங்குகிறது. பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வருவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது.

இதைப் பொதுவில் சொன்னால் இரண்டு விதமான பதில் வருகிறது. ஒரு தரப்பு, "பழைய ஆளுங்களுக்குக் கம்ப்யூட்டர்னாலே பயம்" என்கிறது. இன்னொரு தரப்பு, "எல்லாத்தையும் மூடிட்டுப் பழையபடி நோட்டுக்கே போயிடலாம்" என்கிறது. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் சொல்ல வருவது வேறு. மாணவர் தகவல் இணையதளம் எதுவாக இருந்தாலும், அதைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம் என்று முறைப்படி அளந்து பார்க்க வேண்டும். அந்த மதிப்பெண்ணைப் போட வேண்டியவர்கள் தினமும் அதில் வேலை செய்பவர்கள். ஆண்டு முழுக்கப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிறோம். நம்மிடம் கொடுக்கப்பட்ட கருவிக்கு மட்டும் யாரும் மதிப்பெண் கேட்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் சம்பவங்கள் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று பல இடங்களில் நான் நேரில் பார்த்தவை, நண்பர்கள் சொன்னவை. எந்தப் பள்ளி, எந்த மென்பொருள், எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல.

முதலில் நல்லதைப் பேசுவோம்

சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, திரள் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகம். இந்த நான்கோடு காலம் தள்ளிய தலைமுறை நாங்கள். அவற்றின் அருமை எனக்குத் தெரியும். மின்சாரம் போனாலும் வருகைப் பதிவேடு திறக்கும். ஆனால் அவற்றால் முடியாத ஒரு காரியம் உண்டு. கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ ஒரு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனால், அந்தப் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது, அங்கே பள்ளியில் சேர்ந்ததா என்று காகிதப் பதிவேட்டுக்குத் தெரியாது. தொடர்ச்சியாக வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. அதோடு சரி. அந்தக் கோட்டுக்கு அப்பால் எத்தனை பிள்ளைகள் தொலைந்தார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசையும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு எண், அந்த எண் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகும் என்ற ஏற்பாடு இந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தது. அதனால் நான் இணையதளத்தின் கட்சிதான்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1990-களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு 'டைஸ்' என்ற படிவம் வந்தது. செப்டம்பர் 30-ஆம் தேதி நிலவரப்படி பள்ளியில் எத்தனை பேர், எத்தனை அறை, குடிநீர் உண்டா, கழிப்பறை உண்டா என்று ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பி அனுப்புவோம். 2012-13 வாக்கில் அது எல்லா வகுப்புகளுக்குமாகச் சேர்ந்து 'யுடைஸ்' ஆனது. 2018-19-இல் 'யுடைஸ் பிளஸ்' என்று இணையத்துக்கு வந்தது. 2022-23 முதல் பள்ளிக் கணக்காக இருந்தது பிள்ளைவாரிக் கணக்காக மாறியது. தமிழ்நாட்டில் இதற்கு இணையாக 'எமிஸ்' இருக்கிறது. இப்போது 'அபார்' என்று 12 இலக்க எண்ணும் சேர்ந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வேலையாக இருந்தது தினசரி வேலையாக மாறிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பும் படிவம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம். தினமும் தொட வேண்டிய கருவி அப்படி இருந்தால் அது வகுப்பறை நேரத்தைத் தின்னும்.

எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். ஒரு ஆசிரியைக்கு இணையப் பதிவுக்காகப் பள்ளி நேரத்தில் தினம் 20 நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 நாளுக்கு 4,000 நிமிடம். அதாவது 66 மணி 40 நிமிடம். 800 மணி நேரத்தில் சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதே வேலையை 5 நிமிடத்தில் முடிக்க வைக்கும் நல்ல வடிவமைப்பு இருந்தால் 50 மணி நேரம் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கைப்பேசியோடு நின்றால் அந்த நேரத்தில் மற்றவருக்கு ஐந்து வகுப்பு. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர மற்ற கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆசிரியரை வகுப்பை விட்டு வெளியே அனுப்பாமலே வகுப்பு நேரத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்பதை 2009-இல் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

பயன்பாட்டு எளிமை என்றால் என்ன?

"நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் எந்த அதிகாரியும் காது கொடுக்க மாட்டார். இதற்கென்று உலகத் தர அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஐஎஸ்ஓ 9241 என்ற தரத்தின் 11-ஆம் பகுதி. 1998-இல் வந்தது, 2018-இல் திருத்தினார்கள். அதன் சாரத்தை நம் மொழியில் சொன்னால் மூன்று கேள்வி. எடுத்த வேலை சரியாக முடிந்ததா? அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவானது? செய்தவருக்கு மனநிறைவு இருந்ததா?

இந்த மூன்றையும் விட முக்கியமான நிபந்தனை ஒன்று அதில் இருக்கிறது. யார் பயன்படுத்துகிறார்கள், எந்த வேலைக்காக, எந்தச் சூழலில் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அளக்க வேண்டும். குளிரூட்டிய அறையில், பெரிய திரையில், அதிவேக இணைப்பில் பத்து நொடியில் முடிகிற வேலை, சிக்னலுக்காகப் பள்ளி வாசலில் இருக்கும் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டிய ஊரில் எப்படி முடிகிறது என்பதுதான் கேள்வி. மரத்தடியில் அளக்காமல், "எங்க கிட்ட நல்லா வேலை செய்யுதே" என்று சொல்வது பதிலாகாது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

என் பழைய மாணவி ஒருத்தி இப்போது ஆசிரியை. ஒரு சனிக்கிழமை அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உதவி செய்யவில்லை, கேள்வி கேட்கவில்லை. கையில் ஒரு நோட்டும் கடிகாரமும் மட்டும். அங்கே பார்த்தவற்றையும் மற்ற நண்பர்கள் சொன்னவற்றையும் சேர்த்து ஐந்து தலைப்பில் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். படிவம் முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கிறது. நம் பிள்ளைக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும். கா. முருகவேல் என்ற பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்தே இல்லை. ஆதாரில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால். குடும்ப அட்டையில் அப்பா பெயரே முழுதாக. மூன்றும் ஒரே பையன். ஆனால் கணினிக்கு மூன்று பையன்கள். இன்று இதைச் 'சின்ன எழுத்துப் பிழை' என்று விட்டால், நாளை உதவித்தொகை வங்கிக் கணக்குக்குப் போகும்போதும், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரும்போதும் அந்தக் குடும்பம் வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக நடக்கும். பெயரை ஒரே கட்டத்திலும் முதலெழுத்தை இன்னொரு கட்டத்திலும் கேட்டிருந்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. தமிழர் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியாதவர் எழுதிய படிவம் தமிழ்ப் பிள்ளைகள் தலையில் விடிகிறது.

இரண்டாவது, தமிழில் உள்ளிடுவது. ஆங்கிலத்தில் அடித்தால் அதுவே தமிழாக மாறும் வசதி இருந்தது. நல்லதுதான். ஆனால் ல, ள, ழ எது, ந, ன, ண எது என்று அதற்கு எப்படித் தெரியும்? வள்ளி வல்லி ஆகிறாள். மாறியதைத் திருத்தும் வசதி கண்ணில் படும்படி இல்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த பெயர்ப் பட்டியலை ஒட்டினால் கட்டம் முழுக்கக் குப்பை எழுத்து. ஒருங்குறிக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை.

மூன்றாவது, சேமிப்பது. ஒரே பக்கத்தில் நீளமான படிவம். 'சேமி' என்ற பொத்தான் கடைசியில். பாதி நிரப்பும்போது ஒரு அம்மா வந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்கிறார். எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தால் 'அமர்வு முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்'. நிரப்பியது எல்லாம் போச்சு. ஆசிரியையின் வேலையே இடையில் எழுந்து போகிற வேலை என்பதை அறிந்தவர் வடிவமைத்திருந்தால், ஒவ்வொரு கட்டமும் நிரப்பியவுடனே தானாகச் சேமித்திருக்கும். இன்னொரு இடத்தில் பொத்தானை அழுத்தினால் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. சேர்ந்ததா, சேரவில்லையா? தெரியாது. அவள் மறுபடி அழுத்தினாள். ஒரே பிள்ளை இரண்டு முறை பதிவானது. இணையதள வடிவமைப்பில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார்: பத்து நொடிக்கு மேல் பதில் வராவிட்டால் மனிதர் கவனம் சிதறும், எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும் என்று. முப்பது வருடப் பழைய பாடம் இது.

நான்காவது, கட்டாயக் கட்டங்கள். இதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. சிவப்பு நட்சத்திரக் குறி போட்ட கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. ரத்த வகை தெரியாத பிள்ளைக்கு என்ன செய்வது? 'தெரியவில்லை' என்ற தெரிவு இல்லை. ஒரு பள்ளியில் தெரியாத பிள்ளைகள் எல்லோருக்கும் 'ஓ பாசிட்டிவ்' என்று போட்டு முடித்தார்கள். அது அப்படியே அடையாள அட்டையிலும் அச்சாகிக் குழந்தையின் கழுத்தில் தொங்கியது. மருத்துவமனையில் சோதித்துவிட்டுத்தான் ரத்தம் ஏற்றுவார்கள், அது வேறு. ஆனால் பள்ளி கொடுத்த அட்டையில் பொய் இருக்கலாமா? கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியை தன் எண்ணையே போடுகிறார். ஒரே எண்ணில் எட்டுப் பிள்ளைகள். அந்த வீடுகளுக்குப் போக வேண்டிய தகவல் எல்லாம் ஆசிரியைக்கு வருகிறது. அதற்கப்புறம் மேலிடத்தில் எடுக்கும் கணக்கில், 'எல்லாக் குடும்பத்திலும் கைப்பேசி இருக்கிறது' என்று வரும். அந்தக் கணக்கை நம்பி நாளைக்கு ஒரு திட்டம் போடுவார்கள். கைப்பேசி இல்லாத குழந்தை அந்தத் திட்டத்தில் இருக்காது.

இதில் ஆசிரியரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் உண்மையை எழுத இடம் கொடுக்காத படிவம் என்ன எதிர்பார்க்கிறது? பிள்ளைகளிடம், "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, தப்பில்ல" என்று நாற்பது வருடம் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த உரிமையைப் படிவம் நமக்குத் தருவதில்லை.

ஐந்தாவது, பள்ளி மாறுவது. எந்தக் குறை தீர இந்த ஏற்பாடு வந்ததோ அந்த இடம். குடும்பம் இடம்பெயர்ந்து வந்து பிள்ளையைப் புதிய பள்ளியில் விடுகிறது. பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்க்க முடியும். பழைய பள்ளியில் அந்தப் பொறுப்பைப் பார்த்தவர் விடுப்பில் இருக்கிறார், அல்லது மாறுதலில் போய்விட்டார், அல்லது தனியார் பள்ளியாக இருந்தால் கட்டணப் பாக்கிக்காக இழுத்தடிக்கிறார்கள். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது, பட்டியலில் இல்லை. புத்தகம் எண்ணிக்கைப்படிதான் வரும். சீருடை எண்ணிக்கைப்படிதான் வரும். கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது, யாரிடம் நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்று திரையில் ஒரு வரி காட்டினால், இரண்டு தலைமை ஆசிரியர்கள் தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். 'நிலுவையில் உள்ளது' என்ற ஒற்றை வார்த்தை யாருக்கும் உதவாது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் புதுப் புத்தகத்தைப் பிரித்து வாசனை பார்க்கும்போது அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும்.

சொல்லப்படும் சமாதானங்கள்

"பயிற்சி கொடுத்தாச்சே" என்பார்கள். வட்டார வள மையத்தில் கூட்டம் போட்டு, பெரிய திரையில் ஒருவர் வேகமாக அழுத்திக் காட்டுவதற்குப் பயிற்சி என்று பெயர். நானும் பயிற்சிப் பள்ளியில் படித்து வந்தவள்தான். கற்பித்தல் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொன்னது, வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்றால் உன் பாடக் குறிப்பைத் திருத்து என்பது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த இடத்தைத் திருத்துவது மலிவா, ஆயிரக்கணக்கானோருக்குப் பயிற்சி கொடுப்பது மலிவா?

"நூறு சதவீதம் பதிவு முடிந்துவிட்டது, அப்புறம் என்ன குறை?" என்பார்கள். இது பாடத்திட்டம் முடிந்ததையும் பிள்ளைக்குப் புரிந்ததையும் ஒன்றாகப் பார்ப்பது போல. மாவட்டவாரியாகப் பச்சை, சிவப்பு வண்ணம் காட்டும் பலகை, வேலை முடிந்ததை மட்டும் காட்டும். அதை முடிக்க இரவு பதினொரு மணிக்கு எத்தனை பேர் விழித்திருந்தார்கள், எத்தனை கட்டத்தில் ஏதோ ஒன்றை இட்டு நிரப்பினார்கள் என்று காட்டாது.

"தரவு உள்ளிடத் தனியாக ஆள் போட்டால் தீர்ந்துவிடும்" என்பது நம் சங்கங்களின் கோரிக்கை. நியாயமான கோரிக்கை, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அதோடு தீராது. மோசமான படிவத்தை நிரப்பும் ஆள் மாறினாலும் படிவம் மோசமாகத்தான் இருக்கும். பிள்ளையின் பெயரில் வருவது ழகரமா ளகரமா என்பது பிள்ளையைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

எப்படி அளப்பது?

இது பெரிய ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். நீல்சன் 2000-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே வகையான பயனாளர்கள் ஐந்து பேரை உட்காரவைத்து, குறிப்பிட்ட வேலைகளைக் கொடுத்து, குறுக்கிடாமல் கவனித்தால் சுமார் 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். இருந்தாலும் யாரையும் பார்க்காமல் இருப்பதைவிட ஐந்து பேரைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

வேலைகளும் எளியவைதான். புதுப் பிள்ளையைச் சேர்ப்பது, வருகை பதிவது, பெயரில் ஒரு எழுத்தைத் திருத்துவது, மாற்றுச் சான்றிதழ் எடுப்பது, இடம்பெயர்ந்து வந்த பிள்ளையை ஏற்பது. ஒவ்வொன்றும் முடிந்ததா, எத்தனை நிமிடம், எங்கே தயங்கினார், எங்கே தப்பாக அழுத்தினார் என்று எழுதிக்கொண்டால் போதும்.

மனநிறைவை அளக்கவும் வழி இருக்கிறது. ஜான் புரூக் என்பவர் 1986-இல் இங்கிலாந்தில் ஒரு கணினி நிறுவனத்தில் இருந்தபோது பத்து வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார். 'சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்' என்று பெயர். ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டுவதாக இருக்கும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்வதாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போட வேண்டும். 1 என்றால் சற்றும் ஒப்பவில்லை, 5 என்றால் முழுதும் ஒப்புகிறேன். ஒற்றைப்படையில் போட்ட எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் போட்ட எண்ணை 5-இலிருந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு ஆசிரியை ஒற்றைப்படை வாக்கியங்களுக்கு 4, 3, 4, 3, 2 போடுகிறார். ஒவ்வொன்றிலும் 1 கழித்தால் 3, 2, 3, 2, 1. கூட்டினால் 11. இரட்டைப்படைக்கு 3, 4, 2, 4, 3 போடுகிறார். 5-இலிருந்து கழித்தால் 2, 1, 3, 1, 2. கூட்டினால் 9. மொத்தம் 20. 2.5-ஆல் பெருக்கினால் 50. இதைப் பார்த்து, "பாதி மார்க், பாஸ்தானே" என்று சொல்லிவிடக் கூடாது. இது சதவீதம் இல்லை. பல்வேறு கருவிகளுக்கு வந்த மதிப்பெண்களின் சராசரி சுமார் 68 என்று சொல்வது வழக்கம். அதற்குக் கீழே இருந்தால் சராசரியை எட்டவில்லை என்று பொருள். 50 என்றால் நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த மதிப்பெண் காய்ச்சல் இருப்பதைச் சொல்லும், என்ன காய்ச்சல் என்று சொல்லாது. அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் வேண்டும். வினாத்தாளைத் தெளிந்த தமிழில் கொடுக்க வேண்டும். எதிர்மறை வாக்கியத்தைக் குழப்பமாக மொழிபெயர்த்தால் விடையே தலைகீழாகிவிடும்.

யாரை உட்காரவைப்பது என்பதும் முக்கியம். கணினியில் கைதேர்ந்த இளைஞர்களை மட்டும் அழைத்துச் சோதித்தால் எல்லாமே எளிதாகத்தான் தெரியும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் தலைமை ஆசிரியை ஒருவர், மலைக் கிராமத்து ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர், விலை குறைந்த கைப்பேசி வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். திரை வாசிப்பான் வைத்து வேலை செய்யும் பார்வைத்திறன் குறைந்த ஆசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். உள்நுழையும்போது கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்து அடிக்கச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? அரசு இணையதளங்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று இந்திய அரசே வழிகாட்டு நெறிமுறை வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

கடினம் என்றால் ரகசியமும் போகும்

இதைப் பலர் யோசிப்பதில்லை. உள்நுழைவது கஷ்டமாக இருந்தால் கடவுச்சொல் கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்படும். ஓடிபி தலைமை ஆசிரியர் எண்ணுக்கு மட்டும் போனால் அது வாட்ஸப் குழுவில் வரும். பள்ளியில் இணையம் இழுக்கவில்லை என்றால் வேலை கடைத்தெருவில் இருக்கும் கணினி மையத்துக்குப் போகும். அங்கே பிள்ளைகளின் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், சாதி விவரம், பெற்றோர் வருமானம் எல்லாம் யாரோ ஒருவருடைய கணினியில் பதிவிறங்கிக் கிடக்கும். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் ஆசிரியை பாதுகாப்பான வழியில் ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்க முடிந்தால்தான் குறுக்குவழிக்குத் தேவை இருக்காது.

நான் கேட்பது

1. புதிய பகுதி எதையும் எல்லாப் பள்ளிகளுக்கும் திறப்பதற்கு முன், குறைந்தது ஐந்து ஆசிரியர்களை அவர்கள் பள்ளியிலேயே, அவர்கள் கைப்பேசியிலேயே வைத்துச் சோதியுங்கள். முடிவை வெளியிடுங்கள்.

2. ஒவ்வொரு கல்வியாண்டின் இறுதியிலும் பத்துக் கேள்வி வினாத்தாளை ஆசிரியர்களிடம் கொடுத்து மதிப்பெண் வாங்குங்கள். மதிப்பெண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று நாமும் பார்க்கிறோம்.

3. உண்மையிலேயே தெரியாமல் இருக்கக்கூடிய எல்லாக் கட்டத்திலும் 'தெரியவில்லை', 'இல்லை' என்ற தெரிவுகளைக் கொடுங்கள்.

4. பெயருக்கு ஒரு கட்டம், முதலெழுத்துக்கு ஒரு கட்டம். தமிழ்ப் பெயரை ஆசிரியர் கையால் திருத்த வழி வேண்டும்.

5. தானாகச் சேமிக்கட்டும். இணைப்பு இல்லாதபோதும் பதிந்து, இணைப்பு வந்ததும் அனுப்பும் வசதி இருக்கட்டும்.

6. ஒருமுறை கொடுத்த தகவலை இன்னொரு தளத்துக்காக மறுபடி கேட்காதீர்கள். மாநிலத் தளமும் மத்தியத் தளமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

7. இடம்பெயர்ந்த பிள்ளையின் கோரிக்கைக்குக் காலக்கெடு வையுங்கள். பழைய பள்ளி அதற்குள் பதில் சொல்லாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர் விடுவிக்கட்டும்.

இதில் எதுவும் நிலாவுக்கு ராக்கெட் விடும் வேலை இல்லை. வங்கிச் செயலியிலும் ரயில் முன்பதிவிலும் இவற்றில் பலவற்றை நாம் தினமும் பார்க்கிறோம். காசு சம்பந்தப்பட்ட இடத்தில் செய்ய முடிவதைக் குழந்தை சம்பந்தப்பட்ட இடத்திலும் செய்யலாம்.

பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு

வாட்ஸப்பில் புலம்பல் படம் போடுவதால் பயன் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தளத்தில் சிக்கல் வரும் ஒவ்வொரு முறையும் ஒரே வரி எழுதுங்கள்: தேதி, என்ன வேலை, எத்தனை நிமிடம், திரையில் வந்த வாசகம், கடைசியில் என்ன செய்தீர்கள். பிள்ளையின் பெயரோ எண்ணோ எழுத வேண்டாம். ஒரு பருவம் முடிந்ததும் உங்கள் ஒன்றியத்தில் பத்துப் பேர் நோட்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே குறை எத்தனை நோட்டில் வந்திருக்கிறது என்று எண்ணி, தலைமை ஆசிரியர் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். "சைட் சரியில்ல" என்பதற்குப் பதில் சொல்லாமல் போகலாம். "பத்துப் பள்ளியில் ஏழு பள்ளியில் பெயர்த் திருத்தம் சேமிக்கப்படவில்லை" என்பதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தத் தளங்களை உருவாக்கும் இளைஞர்களும் இதைப் படிக்கலாம். உங்களில் பலர் எங்கள் பிள்ளைகள்தான். ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், உங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போங்கள். காலை ஒன்பது மணிக்குப் போய் இறைவணக்கம் முடிந்து வருகை பதியும்வரை டீச்சர் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். திருத்த வேண்டியது என்னவென்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

உங்கள் பள்ளியில் மிக அதிக நேரம் பிடிக்கும் ஒரு வேலை எது, எத்தனை நிமிடம் என்று கீழே எழுதுங்கள். பள்ளிப் பெயர் வேண்டாம், மாவட்டம் மட்டும் போதும். தொகுத்து அடுத்த பதிவில் போடுகிறேன்.